வலது மூலைக்காரர்

ஜவ்வாது மலையில் சமதரை அரிது. சாமை விதைக்கும் நிலம்கூடச் சரிந்துதான் கிடக்கும். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பையன்கள் கபடிக்கு இடம் பிடிப்பது கதிரடித்து முடிந்த களத்தில், அல்லது உண்டு உறைவிடப் பள்ளியின் முன்வாசலில். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது விதிப்புத்தகம். அவ்வளவு மட்டமான மண் ஒரே இடத்தில் வாய்த்தால் அதில் யாராவது வீடு கட்டியிருப்பார்கள். ஆகவே மலையில் போடும் ஆட்டக்களம் ஏதாவது ஒரு பக்கம் குறையும். குறைகிற பக்கம் பெரும்பாலும் மூலை. அந்த மூலையில் நிற்கிற பையனுக்குப் பின்னால் கடைக்கோடு, கடைக்கோட்டுக்குப் பின்னால் சரிவு. பின்வாங்க இடமில்லாமல் கற்றுக்கொண்ட ஆட்டம் அவனுடையது. முழங்காலை மடக்கி, உடம்பின் கனத்தை முன்பாதத்தில் வைத்து, வருகிறவன் எவ்வளவு ஆட்டம் காட்டினாலும் அசையாமல் நிற்பான். மலையில் கபடி பார்க்கும்போது என் கண் முதலில் தேடுவது அவனைத்தான்.

கூட்டம் ரைடரைப் பார்க்கும். அதில் தப்பில்லை. ஏழு பேர் நிற்கும் இடத்துக்குள் ஒருவன் தனியாகப் பாடிக்கொண்டு போகிறான். தொட்டால் புள்ளி, பிடிபட்டால் வெளியே. தைரியம் கண்ணுக்குத் தெரிகிற இடம் அது. ஆனால் கபடியில் கலை என்று ஒன்று இருந்தால் அது பிடிக்கிறவனிடம் இருக்கிறது என்பது என் தீர்மானம். ரைடருக்கு 30 விநாடி அவன் விருப்பப்படி. எங்கே போவது, எப்போது திரும்புவது, யாரைச் சீண்டுவது எல்லாம் அவன் கையில். பிடிக்கிறவனுக்குத் தன் விருப்பம் என்று ஒன்றும் கிடையாது. இன்னொருவனின் முடிவை, அவன் முடிவெடுக்கும் அதே நொடியில் படித்துவிட வேண்டும். ஒரு கண் இமைப்பு முந்தினால் தப்பு, பிந்தினால் தப்பு. இதை ஆண்டுக்கணக்காகச் செய்து, அதையே பிழைப்பாகவும் ஆக்கிக்கொண்டவர்களைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை.

மூலையின் கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு அணியின் பாதிக்களம் நடுக்கோட்டிலிருந்து 6.5 மீட்டர் ஆழம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன். ரைடர் யாரையும் தொடாமல், அதை ஒருமுறையாவது தாண்டாமலும் திரும்பினால் அவனே அவுட். அதற்கு அப்பால் ஒரு மீட்டரில் போனஸ் கோடு. போனஸ் கோட்டுக்கும் கடைக்கோட்டுக்கும் நடுவே மிஞ்சுவது 1.75 மீட்டர். ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் முடிந்துவிடுகிற தூரம். கார்னர் எனப்படும் மூலை ஆட்டக்காரரின் உலகம் இந்தப் பட்டைதான். இருபுறமும் ஒரு மீட்டர் அகலத்துக்கு லாபி. தொடுதல் நடக்கும்வரை அதில் கால்வைத்தவர் அவுட். தொடுதல் நடந்த கணம் அதுவும் களமாகிவிடும். உள்ளே தள்ளி, கவர் என்ற இடத்தில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் துணை உண்டு. கார்னருக்கு ஒரு கைப்பக்கம், அடுத்து நிற்கும் ‘இன்’ ஆட்டக்காரரின் விரல்கள், மறு கைப்பக்கம் வெறும் லாபி. சங்கிலியின் கடைசிக் கண்ணி அவர்.

களத்தில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது ரைடருக்கு ஓர் ஆசை வரும். போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை ஊன்றி, பின்காலைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால், யாரையும் தொடாமலே ஒரு புள்ளி. அந்த ஒரு நொடி அவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். கார்னர் காத்திருப்பது அந்த ஒற்றைக் காலுக்காக. நல்ல ரைடருக்கும் இது தெரியும்; அதனால் காலை நீட்டுவதுபோல் காட்டிவிட்டு இழுத்துக்கொள்வான். இரண்டு முறை, மூன்று முறை காட்டுவான். கார்னர் பாய்ந்தால் அந்தக் கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். நான்காவது முறை நிஜம். நான்காவதுதான் நிஜம் என்று எப்படித் தெரிகிறது? இடுப்பைப் பார் என்பார்கள் பழைய ஆட்டக்காரர்கள். கண் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும், கால்கூடப் பொய் சொல்லும். கனம் இறங்குகிற இடுப்பு பொய் சொல்லாது. நல்ல கார்னரின் பார்வை ரைடரின் முகத்தில் ஒருபோதும் இருக்காது. தொப்புளுக்கும் முழங்காலுக்கும் நடுவே எங்கோ இருக்கும்.

காதுக்கும் வேலை இருக்கிறது. மூச்சு விடாமல் பாடிய காலம் போய் விநாடிக் கணக்கு வந்துவிட்டாலும், கபடி கபடி என்ற சத்தம் இன்னும் கட்டாயம்தான். தொலைக்காட்சியில் அது கூட்ட இரைச்சலில் அமுங்கிவிடுகிறது. மலையில் மாலை நேரத்து ஆட்டத்தில் தெளிவாகக் கேட்கும். பாய முடிவு செய்தவனின் பாட்டு ஒரு கணம் தடிக்கும்; திரும்ப முடிவு செய்தவனின் பாட்டு வேகம் பிடிக்கும். காதால் ஆடுகிற கார்னர்களை நான் பார்த்திருக்கிறேன். ரைடர் எதிர்மூலையில் இருக்கும்போதே அவர்கள் உடம்பு தயாராகிவிடும்.

பிடிகளில் பல உண்டு. தொடையைக் கட்டுவது, இடுப்பைக் கட்டுவது, குறுக்கே நின்று மறிப்பது, ஓடிவந்து டேஷ் அடித்துக் களத்துக்கு வெளியே தள்ளுவது, இரண்டு பேர் கைகோர்த்துச் சங்கிலி போடுவது. டேஷுக்குத்தான் கைதட்டல் அதிகம். எனக்கு உயர்ந்தது ஆங்கிள் ஹோல்டு, கணுக்கால் பிடி. உடம்பிலேயே மெல்லிய இடம், இரண்டு கைக்குள் அடங்குகிற இடம், வேகமாக நகர்கிற இடம். அதைப் பிடிக்க ஆள் தரையோடு தரையாகப் போக வேண்டும். தலையை வெளிப்பக்கம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுகாலின் முழங்கால் தாடையில் வந்து விழும். பிடித்ததோடு முடியவில்லை. காலை உயர்த்தித் தன் மார்போடு சேர்க்க வேண்டும். உயர்ந்த காலுக்கு உந்துவிசை கிடையாது. அந்த அரை விநாடிக்குள் ‘இன்’னும் கவரும் வந்து மேலே மூடிவிடுவார்கள். நாலைந்து பேர் குவியலாகக் கிடக்க, நடுவர் கைதூக்கும்போது, அடியில் கிடப்பவர்தான் பிடித்தவர். புழுதி தட்டிக்கொண்டு எழுந்திருப்பவர்களில் கடைசி ஆள்.

மண்ணில் ஆடுவதும் மேட் எனப்படும் விரிப்பில் ஆடுவதும் இந்தப் பிடிக்கு ஒன்றல்ல. மண்ணில் வெறுங்கால், பிடிபட்ட கால் வழுக்கிக்கொண்டு வரும், ஆனால் விழுந்தவரின் முழங்கைத் தோல் களத்தில் தங்கிவிடும். மேட்டில் விழுவது சுலபம். ஆனால் ஷூ போட்ட மறுகால் தரையைக் கவ்விக்கொண்டு எதிர்க்கும். மண்ணில் பழகி மேட்டுக்குப் போன தலைமுறை ஒன்று இருக்கிறது. இரண்டிலும் கார்னராக நின்று பேர் வாங்கியவர்கள் அதில் சிலர்தான்.

மலையை விட்டுத் தெற்கே இறங்கினால் செங்கம். அந்த வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் நூலாக்கியது. பெரும்பாலும் பல்லவர் காலத்து வட்டெழுத்து. ஊர் ஊராகச் சொல்லப்படுவது கிட்டத்தட்ட ஒரே செய்தி: மாட்டு மந்தையைக் கவர வந்தார்கள், அல்லது கவரப் போனார்கள், அல்லது கவர்ந்ததை மீட்டார்கள், அதில் இன்னார் விழுந்தார். அடுத்தவன் எல்லைக்குள் புகுந்து, கொண்டுவர வேண்டியதைக் கொண்டு, உயிரோடு தன் எல்லைக்குத் திரும்புவது. உள்ளே வந்தவனைத் திரும்பவிடாமல் மறிப்பது. கபடி அதிலிருந்து பிறந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் அந்தக் கற்களின் முன் நின்றுவிட்டு வந்து ஆட்டம் பார்த்தால் ஒன்று உறைக்கிறது. கற்களில் பல மறித்தவர்களுக்கு நட்டவை. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் பட்ட பிறகும் அவனருகே நின்று கள்வர் இருவரைக் கடித்த கோவிவன் என்ற நாயையும் பெயர் சொல்லிப் பொறித்திருக்கிறார்கள். காத்தவர்களைக் கொண்டாடுவதில் அந்தக் காலத்து ஊர்க்காரர்கள் நம்மைவிடத் தாராளமானவர்கள்.

இனி அந்த வலது மூலைக்காரரிடம் வருகிறேன். தர்மராஜ் சேரலாதன், தஞ்சாவூர் மாவட்டத்துத் திருச்சன்னம்பூண்டிக்காரர். 1975இல் பிறந்தவர். இந்த ஆண்டைக் குறித்துவைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் வியப்பாகும். புரோ கபடி லீக் தொடங்கியது 2014 ஜூலையில். அப்போது அவருக்கு 39 வயது. உடம்பை மோதவைத்து ஆடும் எந்த ஆட்டத்திலும் அது ஓய்வுபெற்று, பயிற்சியாளராகி, தொப்பையும் விழுந்துவிடும் வயது. அவருக்கோ ஊர் ஊராகத் தெரிந்த பெயர் அந்த வயதில்தான் வந்தது.

2016இல் நான்காவது சீசன். பாட்னா பைரேட்ஸ் அணிக்கு அவர் கேப்டன். ஜூலை 31 அன்று ஹைதராபாத்தில் இறுதி ஆட்டம், எதிரே ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ். 37க்கு 29 என்று பாட்னா வென்றது. மறுநாள் செய்தியெல்லாம் பிரதீப் நர்வாலைப் பற்றி. 19 வயதுப் பையன், ரைடில் புயல். அது நியாயம்தான். நான் பார்த்தது அந்த அணியின் இரண்டு மூலைகளை. இடது மூலையில் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். வலது மூலையில் 41 வயது சேரலாதன். பாய்ச்சல் ஒரு மூலையில், பொறுமை இன்னொரு மூலையில். இடதுபக்கம் அடிவாங்கிய ரைடர் நிம்மதி தேடி வலதுபக்கம் ஒதுங்குவான். அங்கே ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். அந்தத் தோற்றம்தான் கண்ணி.

வடநாட்டு ஆட்டக்காரர்களும் வர்ணனையாளர்களும் அவரை ‘அண்ணா’ என்றே கூப்பிட்டார்கள். பேரைச் சொல்லிக் கூப்பிட வாய் வராத மரியாதை அது. அந்த மரியாதை வயதுக்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அவர் களத்தில் நிற்கும்போது அணியின் பதற்றம் கொஞ்சம் தணியும். பார்க்கிற நமக்கே தெரியும். ஒரு சின்னக் கையசைப்பு, ‘இன்’ ஆட்டக்காரர் ஓரடி உள்ளே வருவார். ரைடர் எதிர்ப்பக்கம் போகும்போது அவர் நாலு அடி முன்னேறித் திரும்பும் வழியை அடைத்துவைப்பார். ரைடர் தன்பக்கம் வந்தால் அதே நாலு அடி பின்வாங்கி ஆழத்துக்குப் போய்விடுவார். இந்த முன்னேறுவதும் பின்வாங்குவதும் ஒரு ஆட்டத்தில் எத்தனையோ முறை நடக்கும்; புள்ளிப்பட்டியலில் ஒரு வரிகூட ஏறாது. இளம் கார்னர்கள் சலித்துப்போவது இதில்தான். சலிப்பில் ஒருமுறை முந்திப் பாய்வார்கள், புள்ளி போகும். சேரலாதன் சலிக்கமாட்டார். அவரைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது, பிடிக்காமல் விட்ட ரைடுகளை எண்ணுவது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் கால் வந்தும் நீட்டாமல் விடுவார். அடுத்த ரைடில் அதே ஆள் இன்னும் அரையடி உள்ளே வருவான். அந்த அரையடிக்காகத்தான் போனமுறை விட்டது.

அதே 2016 அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை. அனூப் குமார் தலைமையிலான இந்திய அணியில் சேரலாதன் இருந்தார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 32க்கு 34 என்று தோற்ற இந்தியா, இறுதியில் ஈரானை 38க்கு 29 என்று வென்றது. ஈரான் அணியில் ஃபசல். மூன்று மாதத்துக்கு முன் ஒரே அணியின் இரு மூலைகளாக நின்றவர்கள் எதிரெதிர் முகாமில். பிறகு 2018இல் யு மும்பா அணியில் இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். இந்த முறை கேப்டன் ஃபசல், அண்ணா அவருக்குக் கீழே ஆடினார். அடுத்த ஆண்டு, 44 வயதில், ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குக் கேப்டன். கபடியைத் தன் சொத்தாக நினைக்கிற ஹரியானா, காவிரிக்கரைக்காரர் ஒருவரைத் தலைவராக வைத்துக்கொண்டது என்பதை நான் பெருமையோடு எழுதுகிறேன்.

வேகம் குறைந்தபின் என்ன மிஞ்சும் என்பது எல்லா விளையாட்டிலும் உள்ள கேள்வி. ரைடருக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. கால் போனால் ஆட்டம் போயிற்று. கார்னருக்குக் கண் மிஞ்சுகிறது. எங்கே போகப்போகிறான் என்று முன்கூட்டித் தெரிந்தவனுக்கு வேகம் அவ்வளவாகத் தேவையில்லை; முன்பே அங்கே நின்றுகொண்டிருப்பான். சேரலாதனின் கடைசி ஆண்டுகள் என் வரையில் அவருடைய சிறந்த ஆண்டுகள். தேவையில்லாத அசைவெல்லாம் உதிர்ந்துபோய், பிடி மட்டும் தங்கியிருந்தது.

இதற்கு இணையாக வெளிநாட்டில் ஒருவரைச் சொல்லச் சொன்னால் இங்கிலாந்தின் ரக்பி ஆட்டக்காரர் நீல் பேக்கைச் சொல்வேன். ரக்பி யூனியனில் 7ஆம் எண் சட்டைக்காரரின் வேலை கார்னரின் வேலைக்குச் சொந்தம்: எதிரி பந்தோடு ஓடும் இடத்துக்கு முதலில் போய்ச் சேர்வது, காலைக் கட்டி வீழ்த்துவது, வீழ்ந்தவனிடமிருந்து பந்தைப் பறிப்பது. பேக்கின் உயரம் ஐந்தடி பத்தங்குலம். நம்மூர்க் கணக்கில் நல்ல உயரம். சர்வதேச ரக்பிக்குக் குள்ளம் என்று சொல்லித் தேர்வாளர்கள் அவரை நெடுநாள் ஒதுக்கிவைத்தார்கள். 1994இல் இங்கிலாந்துக்காக முதலில் ஆடியவர், நிலையான இடம் பிடிக்க இன்னும் பல ஆண்டு காத்திருந்தார். லெஸ்டர் டைகர்ஸ் அணியோடு 2001, 2002 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பை. 2003 நவம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலியாவை 20க்கு 17 என்று வென்று இங்கிலாந்து உலகக் கோப்பை வாங்கியபோது, 34 வயதில் அவர் களத்தில் இருந்தார். அவருடைய ஆட்டத்தின் பழைய பதிவுகளைப் பார்த்தால் சேரலாதனிடம் பார்த்த அதே குணம்: எல்லோரும் பந்தைப் பார்க்கும்போது பந்து அடுத்து வந்துசேரும் இடத்துக்கு அவர் ஏற்கெனவே புறப்பட்டிருப்பார்.

ரக்பியின் பிழைப்புக் கதையும் நமக்குப் பாடம். வேலையை விட்டு ஆட வருபவருக்கு அந்த நாள் கூலியைக் கொடுக்கலாமா என்ற சண்டையில் 1895இல் வடஇங்கிலாந்துக் கழகங்கள் பிரிந்துபோய் ரக்பி லீக் பிறந்தது. மீதமிருந்த ரக்பி யூனியன், காசு வாங்கி ஆடுவதை இன்னும் நூறு ஆண்டு தடைசெய்து வைத்திருந்து, 1995 ஆகஸ்ட்டில்தான் சம்பளத்துக்குக் கதவு திறந்தது. திறந்த கதவு எல்லோரையும் வாழவைக்கவும் இல்லை. 2022இல் வூஸ்டர் வாரியர்ஸும் வாஸ்ப்ஸும், 2023இல் லண்டன் ஐரிஷும் கடனில் மூழ்கின. ஒப்பந்தம் போட்டிருந்த ஆட்டக்காரர்கள் திடீரென்று வேலையில்லாதவர்கள் ஆனார்கள். இன்னொரு விலை இதைவிடக் கொடுமை. 2003 அணியில் ஆடிய ஸ்டீவ் தாம்சன், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே தனக்கு மறதிநோய் வந்திருப்பதை 2020இல் வெளியே சொன்னார். உலகக் கோப்பை வென்ற ஆட்டமே தனக்கு நினைவில்லை என்றார். தலையோடு தலை மோதிய ஆண்டுகளின் விளைவு. கணுக்கால் பிடியில் தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று நம்மூர்ப் பயிற்சியாளர்கள் பையன்களைத் திட்டித் திட்டிச் சொல்லித்தருவதை இதன்பிறகு நான் அலட்சியமாகக் கேட்டதில்லை.

நம்மிடம் கபடி வேறு வழியில் பிழைப்பானது. கோயில் திருவிழா, பொங்கல், ஊர்க் கோப்பை என்று விடியவிடிய விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் போட்டிகள்; அங்கே கண்ணில் பட்டால் ஏதாவது ஒரு நிறுவனத்தின் அணி; அங்கிருந்து ரயில்வே, காவல்துறை, மின்வாரியம், வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. சம்பளமும் ஓய்வூதியமும் தரும் அந்த வேலைதான் பெரும்பாலானவர்களுக்குக் கோப்பையைவிடப் பெரிய பரிசு. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்டு 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசனின் பாதை, லீக்குக்கு முந்தைய அந்தக் காலத்தது. மாரி செல்வராஜின் 2025ஆம் ஆண்டுப் படமான ‘பைசன்’ அவருடைய வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொண்டதால் இப்போது பிள்ளைகளுக்கும் அவர் பெயர் தெரிகிறது. மூன்று பத்தாண்டு தாமதம். இருந்தாலும் வந்ததே.

லீக் வந்தபின் ஏலம் வந்தது. 2014இல் மிக அதிக விலை ராகேஷ் குமாருக்கு, 12.8 லட்சம். நான்கே ஆண்டில் அது கோடியைத் தாண்டியது. 2022இல் பவன் செஹ்ராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சத்துக்கு வாங்கியது. அவ்வளவு பணம் கொட்டி வாங்கிய ரைடர், சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியே போனார். அந்த ஆண்டு முழுவதும் திரும்பவில்லை. அவர் இல்லாத தலைவாஸ் அந்த சீசனில்தான் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. நரேந்தர் என்ற இளைஞன் ரைடில் தூக்கிச் சுமந்தான் என்பது உண்மை. அதோடு வலது மூலையில் சாகர் நின்றார், இடது மூலையில் சாஹில் குலியா நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தக் கதை பாதிதான்.

ஜவ்வாது மலையில் உடம்புதான் முதல். சாமையும் தேனும் பலாவும் புளியும் வருஷத்துச் சாப்பாட்டுக்குப் போதாதபோது இளைஞர்கள் இறங்கிப் போகிறார்கள். கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்கு, கட்டட வேலைக்கு. சிலரைத் தரகர்கள் ஆந்திரக் காட்டுக்கு மரம் வெட்டக் கூட்டிப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் இந்த மலையின் பிள்ளைகளும் இருந்தார்கள். பாரம் தூக்கிச் செங்குத்தில் ஏறக்கூடிய கால்கள், சரிவில் நிலை தவறாத இடுப்பு, மணிக்கணக்கில் மூச்சு வாங்காத நெஞ்சு. இந்த உடம்புக்கு நாட்டில் கிடைத்த வேலை அப்படிப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அதனால்தான் மூலையில் நிற்கும் அந்தப் பையனைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறேன். இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் பெரும்பாலும் மெலிந்த உடல்வாகு, இறுகிய நரம்பு. பெரியவர்கள் பிரிவில் 85 கிலோ வரை எடை உள்ளவர்கள் வந்து மோதும் ஆட்டத்தில் கவருக்கோ டேஷுக்கோ அந்த உடம்பு எடுபடாது என்று தேர்வு நடத்துகிறவர்கள் தள்ளிவிடக்கூடும். நீல் பேக்கை அங்கே தள்ளினார்களே, அதே கண். கணுக்கால் பிடிக்குக் கனம் வேண்டாம். தாழ்ந்து போகிற உடம்பும் விடாத விரலும் காத்திருக்கிற குணமும் போதும். மூன்றும் அந்த மலையில் உண்டு. சென்னை கண்ணகி நகரின் சந்துகளில் ஆடிப் பழகிய கார்த்திகா 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணிக்குத் துணைத்தலைவியாக இருந்தார். அங்கே ஒரு பயிற்சியாளர் வருஷக்கணக்காக, தினம் மாலை, அதே இடத்தில் நின்றதால் அது நடந்தது.

ஜமுனாமரத்தூரில் ஒரு உள்ளரங்கு, அதில் ஒரு மேட், ஷூ போட்டுப் பழக வசதி, மூலையாட்டம் தெரிந்த ஒரு பயிற்சியாளர் வேண்டும். பள்ளி விடுதிகளிலிருந்து பிள்ளைகள் நடந்தே வந்துவிடுவார்கள். பயிற்சியாளர் ரைடராக இருந்தவராய் இருக்கக்கூடாது என்பது மட்டும் என் தனிப்பட்ட வேண்டுகோள். ரைடர்கள் ரைடர்களைத்தான் தேடுவார்கள். மூலையில் இருபது ஆண்டு நின்றவர் ஒருவர் வரட்டும். பையன்களை ஒரு மாதம் யாரையும் பிடிக்கவிடாமல், இடுப்பைப் பார்த்து நிற்க மட்டும் சொல்லிக்கொடுக்கட்டும்.